வளவுக்கு மேலால் போகும் போன் வயர்: வெட்டலாமா, மாற்றலாமா?

கேள்வி: ஆரையம்பதியில் எங்களுக்கு ஒரு சிறிய வளவு. வீட்டுக்கு மேல் மாடி எடுக்கப் போகிறோம். ரோட்டுப் போஸ்டில் இருந்து இரண்டு கறுப்பு வயர்கள் வளவைக் குறுக்கே கடந்து பின் வளவு வீட்டுக்குப் போகின்றன. ஒன்று தென்னை மட்டையில் உரசித் தொய்ந்து, கேற்றுக்கு மேலே கை எட்டும் உயரத்துக்கு வந்துவிட்டது. நாங்கள் போன் இணைப்பு எடுக்கவே இல்லை. அடுத்த கிழமை மண் டிப்பர் வர வேண்டும். மேசன் "வெட்டி விடுங்கோ, கேட்க ஆள் இல்லை" என்கிறார். வெட்டலாமா? மாற்றச் சொன்னால் காசு யார் கட்டுவது?

பதில்: மேசன் சொல்வதை இந்த விஷயத்தில் கேட்காதீர்கள். கேட்க ஆள் வரும். வெட்டிய நிமிஷமே பின் வளவுக்காரரின் இணைப்புப் போய்விடும், அவர் முறைப்பாடு செய்வார், வயர் திருத்த வருபவர் வெட்டுத் தழும்பைப் பார்த்தவுடனே என்ன நடந்தது என்று சொல்லிவிடுவார். தொலைத்தொடர்பு வயரைச் சேதப்படுத்துவது குற்றம். காணி உங்களுடையது என்பது அதற்குப் பதிலாகாது.

முதலில் அந்த இரண்டும் என்ன வயர் என்று பாருங்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் போன் வயர் இல்லை. மின்சார போஸ்டின் மேல் பகுதியில் இருந்து புறப்பட்டு, முறுக்கியபடி வந்து, வீட்டில் மீட்டருக்குப் போகிறது என்றால் அது மின்சார இணைப்பு. அதை ஒன்றும் செய்யாமல் மின்சார சபைக்கு 1987 இல் சொல்லுங்கள். விரல் மொத்தத்தில் உருண்டையாக வந்து டிவிக்குப் போவது கேபிள் டிவி வயர், அதற்கு ஆள் ஊருக்குள்ளேயே இருப்பார். பழைய தொலைபேசி வயருக்குள் இரண்டு செப்புக் கம்பி இருக்கும். பைபர் வயர், அதாவது ஒளியைக் கொண்டு போகும் கண்ணாடி இழை வயர், மெல்லியது, பெரும்பாலும் தட்டையாக இருக்கும், ஒரு ஓரத்தில் தாங்குவதற்கு ஓர் உருக்குக் கம்பி ஓடும், வீட்டுச் சுவரில் சின்ன வெள்ளைப் பெட்டியில் போய் முடியும். அனேகமான வயர்களின் மேலுறையில் நிறுவனத்தின் பெயரோ வகையோ அச்சடித்திருக்கும். கீழே நின்றே போன் கமராவில் பெரிதாக்கிப் படம் எடுத்தால் வாசிக்கலாம். ஏணி வேண்டாம்.

இரண்டு வயரில் ஒன்று செத்த வயராக இருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. பைபருக்கு மாறிய வீடுகளில் பழைய செப்பு வயரைக் கழற்றாமல் அப்படியே தொங்க விட்டுப் போவது இங்கே சாதாரணம். ஆனால் அதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். பின் வளவுக்காரரிடம் பழைய லைன் வேலை செய்கிறதா என்று கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

ஆபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செப்புத் தொலைபேசி வயரில் சாதாரணமாக 48 வோல்ட் இருக்கும், மணி அடிக்கும்போது ஏறத்தாழ 90 வோல்ட் வரை போகும். பைபரில் மின்சாரமே இல்லை. இதை வைத்துத்தான் "போன் வயர் ஒன்றும் செய்யாது" என்று சொல்கிறார்கள். ஆனால் அந்த வயர் மேலே எங்காவது மின்கம்பியில் விழுந்து கிடந்தால் 230 வோல்ட்டும் அதற்குள் வந்துவிடும், பைபரின் உருக்குக் கம்பி உட்பட. கீழே நிற்பவருக்கு இது தெரியாது. அதனால் அறுந்து கிடக்கும் வயரையும், ஈர மட்டை சாய்ந்து கிடக்கும் வயரையும் தொடாதீர்கள், மரத்தில் ஏறுபவரையும் அதைத் தட்டி விடச் சொல்லாதீர்கள். அறுந்த பைபரின் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதும் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. நுனியில் உடையும் கண்ணாடித் துணுக்கு தோலுக்குள் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

சட்டத்துக்கு வருவோம். இதில் நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. அனுமதிப் பத்திரம் உள்ள நிறுவனங்கள் தனியார் காணிக்கு மேலால் வயர் கொண்டு போக 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால் காணி அவர்களுடையது ஆகிவிடாது, வீடு கட்டும் உங்கள் உரிமையும் போய்விடாது. இன்னொன்று, "பத்து வருஷம் விட்டால் அவர்களுக்கே உரிமை" என்று ஊரில் சொல்வார்கள். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தில் பத்து வருஷக் கணக்கு இருப்பது உண்மைதான். ஆனால் உங்கள் சம்மதத்தோடு போகிற வயருக்கு அந்தக் கணக்கு ஓடாது. பக்கத்து வீட்டார் தாங்களாக ஒரு வயர் இழுக்கக் கேட்டால், சம்மதம் கொடுத்ததை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்வது அதற்காகத்தான்.

இனி உங்கள் காசுக் கேள்வி. அனேகம் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். "வீடு கட்டப் போகிறோம், வயரை மாற்றித் தாருங்கள்" என்று ஒரே கடிதம் எழுதினால், அது காணிக்காரரின் விருப்பத்துக்குச் செய்யும் இடமாற்றம் ஆகிவிடும், மதிப்பீட்டுச் செலவை உங்களிடம் கேட்பார்கள். உங்களிடம் இருப்பது உண்மையில் இரண்டு பிரச்சினை. கேற்றுக்கு மேலே தொய்ந்து கிடப்பது பழுது. எழுவான்கரையின் உப்புக் காற்றில் கொளுக்கியும் தாங்கு கம்பியும் துருப்பிடித்துத் தொய்வது உங்கள் குற்றம் இல்லை, அதை இழுத்துக் கட்டுவது பராமரிப்பு வேலை, அதற்கு உங்களிடம் காசு கேட்க நியாயம் இல்லை. மாடிக்காக வயரை வேறு வழியால் கொண்டு போவது இரண்டாவது விஷயம், அதற்குச் செலவு கேட்கலாம். இரண்டையும் வேறு வேறு நாளில், வேறு வேறு முறைப்பாடாகப் பதியுங்கள். செத்த வயரைக் கழற்றச் சொல்வதைப் பழுதோடு சேர்த்து விடலாம்.

பழுதை முறையிடச் சிறந்த ஆள் நீங்கள் இல்லை, பின் வளவுக்காரர். அவர்தான் வாடிக்கையாளர், கணக்கு இலக்கம் அவரிடம் இருக்கிறது. "வயர் தொய்ந்து வாகனம் தட்டும் நிலையில் இருக்கிறது, எந்த நேரமும் அறும்" என்று அவர் சொன்னால் வேலை வேகமாக நடக்கும். ஸ்ரீலங்கா டெலிகொம் இணைப்பு என்றால் 1212. போய்க் கதைக்கும்போது சண்டைக் குரலில் ஆரம்பிக்காதீர்கள். வயர் அறுந்தால் முதலில் பாதிக்கப்படுவது அவர்தான் என்பதால் பெரும்பாலும் ஒத்துவருவார்.

இடமாற்றக் கடிதத்தை நீங்கள் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். முகவரி, கிராம உத்தியோகத்தர் பிரிவு, போஸ்டில் இலக்கம் இருந்தால் அது, மண்முனைப்பற்று பிரதேச சபையில் மாடிக்கு எடுத்த அனுமதியின் பிரதி, வேலை தொடங்கும் திகதி, நாலு படங்கள். ஒரு படத்தில் வயருக்குக் கீழே ஆள் ஒருவரை நிற்க வையுங்கள், உயரம் தானாக விளங்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், வயர் எந்த வழியால் போகலாம் என்று நீங்களே ஒரு படம் கீறிக் கொடுப்பது. மதில் ஓரமாக, ஒழுங்கையை ஒட்டி, தேவையென்றால் எல்லையில் ஒரு போஸ்ட். "அகற்றுங்கள்" என்று மட்டும் எழுதிய கடிதம் மேசையில் கிடக்கும். வழி காட்டிய கடிதத்தோடு ஆள் வந்து பார்ப்பார். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் வைத்திருங்கள். பதில் இல்லாவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு 1900 இல் சொல்லலாம். பக்கத்து வீட்டாரோடு பிணக்கு முற்றினால் நீதிமன்றத்துக்கு முன்னே மத்தியஸ்த சபை இருக்கிறது.

வயரின் நடுவே உருண்டையான மூட்டுப் பெட்டி தொங்கினால், அல்லது வயர் பெருவிரலை விட மொத்தமாக இருந்தால், அது தெருவுக்கே போகும் கேபிள். அதை மாற்ற அளவை, மதிப்பீடு எல்லாம் வேண்டும், மாதக் கணக்காகலாம். நீங்கள் சொல்கிறபடி ஒரு வீட்டுக்குப் போகும் மெல்லிய வயர் என்றால் அரை நாள் வேலை.

காலத்தையும் பாருங்கள். கச்சான் காற்று ஓய்ந்து, மாரி தொடங்கும் முன்னே இதை முடிக்க வேண்டும். நவம்பரில் மழையும் வாடையும் பிடித்தால் அறுந்த வயர்களைத் திருத்தவே ஆள் போதாது, உங்கள் இடமாற்றம் பின்னுக்குப் போகும். தட்டுக்குச் சட்டரிங் அடித்த பிறகும் மாற்றலாம்தான், ஆனால் வயருக்குக் கீழே நின்று நீளக் கம்பி தூக்குகிற நாட்களில் யாராவது ஒருவர் எதையாவது தட்டுவார்.

அடுத்த கிழமை வரும் டிப்பருக்கு, பெட்டியைத் தூக்கினால் 15 அடிக்கு மேலே போகும், உங்கள் வயர் அதற்கு நிற்காது. ஒருவர் தடியால் வயரைத் தூக்கிப் பிடிக்க டிப்பர் உள்ளே வரட்டும் என்று நினைக்காதீர்கள். வயர் சரியாகும் வரை மண்ணை கேற்றுக்கு வெளியே, ரோட்டை மறிக்காமல் கொட்டச் சொல்லி, தள்ளுவண்டியில் உள்ளே எடுங்கள். கொட்டும் இடத்தில் நின்று மேலேயும் ஒருமுறை பாருங்கள். ரோட்டோரத்தில் மின்கம்பி இருந்தால் அதற்குக் கீழே பெட்டியைத் தூக்கவே கூடாது.