பையன் எதற்குப் பயந்தான்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். தீபாவளிக்கு வந்த ஒரு படத்துக்கு என் எட்டு வயது மகனை அழைத்துப் போனேன். பி12 என்று போட்டிருந்தது. நாங்கள் கூடவே இருக்கிறோமே என்று போய்விட்டோம். படத்தில் ஒரு சிறுவனின் கண்ணெதிரே அவன் அம்மாவைக் கொல்கிறார்கள். ரத்தம்கூட அதிகம் காட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் மகன் தனியாகப் படுக்க மறுக்கிறான், இரண்டு வாரமாகிறது. சென்னையில் இருக்கும் என் நாத்தனார், அங்கே அதே படத்துக்கு யுஏ 16+ கொடுத்திருக்கிறார்கள் என்கிறார். எந்த எண்ணை நம்புவது? யார், எதை வைத்து இந்த வயதை முடிவு செய்கிறார்கள்? என் மாமனார், "நாங்க பார்க்காத சண்டையா?" என்கிறார்.

ஒரு தாய், பிறை, பினாங்கு

அன்புள்ள சகோதரிக்கு,

நம் மலேசியாவின் பி12 என்பதை நீங்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு வயது ஆகாத பிள்ளை பெரியவர்கள் துணையோடு பார்க்கலாம் என்பதே அதன் பொருள். 13, 16, 18 அப்படியல்ல, அந்த வயது ஆனவர்களுக்கு மட்டும். 2023-இல்தான் இந்த வரிசை வந்தது. அதற்கு முன் எல்லோரும் பார்க்கலாம் என்ற யு, பி13, 18 என்று மூன்றோடு சரி.

முடிவு செய்வது உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் திரைப்படத் தணிக்கை வாரியம். 2002-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. பொது அமைதி, சமயம், சமூகப் பண்பாடு, ஒழுக்கம் என்ற நான்கையும் வைத்துப் பார்க்கிறார்கள். படத்தை அப்படியே விடலாம், வெட்டி விடலாம், வேண்டாம் என்று மறுக்கவும் செய்யலாம். வெட்டிய பிறகு மிஞ்சும் படத்துக்குத்தான் இங்கே வயது போடுகிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 2016-இல் ரஜினியின் 'கபாலி' வந்தபோது, கடைசியில் கபாலி போலீசில் சரணடைந்ததாக ஒரு வரி சேர்த்து நமக்குக் காட்டினார்கள். சென்னையில் பார்த்தவர்களுக்கு அந்த வரி இல்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டு ஊரிலும் ஓடுவது ஒரே படம் என்று சொல்ல முடியாது.

அதோடு, உங்கள் நாத்தனார் சொல்லும் 16 வேறு, நம் 16 வேறு. இந்தியாவில் 2023-இல் சட்டத்தைத் திருத்தி, பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்ற யுஏ சான்றிதழை 7, 13, 16 என்று பிரித்தார்கள். ஆனால் அந்த எண் பெற்றோருக்குச் சொல்லும் யோசனைதான். அதைக் காட்டித் தியேட்டர்காரர் பிள்ளையைத் தடுக்க முடியாது. அங்கே எட்டு வயதுப் பையன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு யுஏ 16+ படத்துக்குப் போகலாம். இங்கே 16 என்றால் போக முடியாது.

எண்ணுக்குப் பின்னால் பணமும் இருந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2011-இல் கேளிக்கை வரி விலக்குக்கு யு சான்றிதழை ஒரு நிபந்தனையாக்கினார்கள். அந்த யுவுக்காகவே காட்சிகளைக் குறைத்துக்கொண்டவர்கள் உண்டு.

சரி, உங்கள் மகனுக்கு வருகிறேன். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, கோலாலம்பூர் கோலிசியம் தியேட்டரில் அப்பாவோடு ஒரு படம் பார்த்தேன். திருவிழாக் கூட்டத்தில் ஒரு சிறுமி அம்மாவின் கையை விட்டுவிடுகிறாள், அவ்வளவுதான் காட்சி. அடி இல்லை, ரத்தம் இல்லை, யாரும் சாகவில்லை. அதன் பிறகு பல வாரங்கள் பாசாரில் அம்மாவின் சேலைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன். எந்த நாட்டு வாரியமும் அந்தக் காட்சியில் கை வைக்காது. எத்தனை வெட்டு, எவ்வளவு ரத்தம், எந்தக் கெட்ட வார்த்தை என்று எண்ணிவிட முடியும். பிள்ளையின் மனதில் எது போய்த் தைக்கும் என்பதை அப்படி எண்ண முடியாது. நீங்கள் சொல்லும் காட்சியில் கத்தி இறங்குவதை வெட்டியிருக்கலாம். அம்மாவின் அலறல் இருக்கிறது, அந்தச் சிறுவனின் முகம் இருக்கிறது. உங்கள் மகன் பார்த்தது அதைத்தான்.

அதனால்தான் வெறும் எண் போதாது, காரணமும் வேண்டும் என்று நான் சொல்கிறேன். நம்மிடம் அது இருந்தது. 1996-இல் வந்த பழைய முறையில், 18 எஸ்ஜி என்றால் பயங்கரமும் வன்முறையும், 18 எஸ்எக்ஸ் என்றால் பாலியல், 18 பிஏ என்றால் அரசியலோ சமயமோ, 18 பிஎல் என்றால் இவற்றில் பலவும் கலந்தது. பெரியவர்களுக்கான படத்தில் மட்டும்தான் அந்த எழுத்துகள் இருந்தன. ஆனாலும் எதற்காக 18 என்று சுவரொட்டியைப் பார்த்தே தெரிந்தது. 2010-இல் எல்லாவற்றையும் சேர்த்து வெறும் 18 ஆக்கிவிட்டார்கள். அந்த எழுத்துகளை பி12-க்கும் 13-க்கும் 16-க்கும் கொண்டுவந்திருக்க வேண்டும், கைவிட்டிருக்கக் கூடாது. பிரிட்டனில் வயதோடு, படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுகிறார்கள். 'தாயின் மரணம், மிரட்டும் காட்சிகள்' என்று சுவரொட்டியில் இருந்திருந்தால் நீங்கள் அன்று வேறு படத்துக்குப் போயிருப்பீர்கள். இதை வாரியத்துக்கு எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்.

உங்கள் மாமனார் சண்டை பார்த்து வளர்ந்தவர்தான், மறுக்கவில்லை. அவரிடம் ஒன்று கேளுங்கள்: சின்ன வயதில் பார்த்த எந்தக் காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது? அநேகமாக அது சண்டைக் காட்சியாக இருக்காது.

அடுத்த முறை உங்களில் ஒருவர் முதலில் பார்த்துவிட்டு வரலாம். இல்லாவிட்டால் நடைபாதை ஓரத்து இருக்கையாக வாங்குங்கள். பையன் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். டிக்கெட்டுக்குக் கொடுத்த வெள்ளியை நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள். இப்போதைக்கு, "அது சும்மா படம்டா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவனுக்கும் அது தெரியும். இரவு அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, படத்தில் வந்த அந்தப் பையனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.