சைக்காலஜியில் சேர்க்கலாமா? ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. ப்ளஸ் டூ முடித்த மகள் சைக்காலஜிதான் படிப்பேன் என்று நிற்கிறாள், வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். அவள் எதைப் படிக்கப் போகிறாள் என்பது முதலில் உங்கள் இருவருக்கும் தெரிய வேண்டும்.

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் கஷ்டத்தை என்கிட்டதான் சொல்வாங்க, அதனால இது எனக்கு வரும்" என்கிறாளாம். நல்ல குணம், பின்னாளில் உதவும். ஆனால் தொடக்கத்திலேயே ஆராய்ச்சி முறைகளும் புள்ளியியலும் வந்துவிடும். இதை எதிர்பாராமல் சேர்ந்து, முதல் வருடத்திலேயே மனம் தளரும் பிள்ளைகள் உண்டு.

இந்தத் துறை யோசிக்கும் விதத்தைக் காட்ட எனக்குப் பிடித்த உதாரணம் ஒரு குதிரை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை இருந்தது. கணக்கு கேட்டால் விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும். அதை வளர்த்தவர் ஃபான் ஓஸ்டன் என்ற கணக்கு ஆசிரியர். காசு வாங்காமல்தான் ஊருக்குக் காட்டினார். 1904-இல் ஒரு குழு வந்து பார்த்துவிட்டு, ஏமாற்று எதுவும் இல்லை என்றது. அப்புறம் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர், விடை தெரியாத ஆளைக் கேள்வி கேட்க வைத்தார். குதிரை தடுமாறியது. கேட்பவரைக் குதிரையின் கண்ணுக்கு மறைத்தபோதும் அப்படியே. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை லேசாக அசைகிறது, அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் நிறுத்தியிருக்கிறது. அசைந்தது கேட்டவருக்கே தெரியாது!

ஃபுங்ஸ்ட் தானே மாற்றிய விஷயத்துக்கு (கேட்பவருக்கு விடை தெரியுமா, தெரியாதா என்பது) பாடத்தில் சாரா மாறி என்று பெயர். அதனால் மாறுகிறதா என்று அவர் அளந்தது (குதிரையின் விடை) சார்ந்த மாறி. மருந்துச் சோதனைகளில் யாருக்கு எந்த மாத்திரை என்பதைக் கொடுப்பவருக்கும் தெரியாமல் வைப்பதற்குக் காரணமும், அவர் தன்னை அறியாமல் குறிப்புக் காட்டிவிடக் கூடாது என்ற இதே ஜாக்கிரதைதான்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். செல்போன் அதிகம் பார்க்கும் பிள்ளைகள் மார்க் குறைவாக வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஒட்டுறவு மட்டுமே, அதாவது இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன; ஒன்றால்தான் மற்றது வந்தது என்று ஆகாது. படிப்பு ஏறாததால் போனை எடுக்கலாம். தூக்கமின்மையோ வீட்டுச் சண்டையோ இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்க, பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் போனைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் இப்படிச் சோதிக்கவும் கூடாது. 1920-இல் வாட்சன், ரெய்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் பெரிய சத்தம் எழுப்பி, ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைக்குப் பயத்தைப் பழக்கினார்கள். அந்தப் பயத்தைப் போக்காமலே விட்டுவிட்டார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். இன்று அப்படி ஓர் ஆய்வுக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது.

தன் தவறைத் தானே தேடுவதும் இந்தத் துறையின் வழக்கம். 2015-இல் வெளிவந்த பெரிய கூட்டாய்வில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். சுமார் 36 சதவீதத்தில்தான் புள்ளியியல் ரீதியாக உறுதியான முடிவு மறுபடி கிடைத்தது. அதை மறைக்காமல் வெளியிட்டதால் எனக்கு இந்தத் துறைமேல் மரியாதை கூடியது.

சரி, வேலை. வழக்கமான மூன்று வருடப் பட்டத்தை மட்டும் வைத்து மருத்துவ உளவியலாளர் (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) ஆக முடியாது. முதுகலை, அதற்கு மேல் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தொழிற்பயிற்சி, கவுன்சிலில் பதிவு என்று நீளும் வழி அது. அந்தப் படிப்புகளின் பெயரும் விதிகளும் இப்போது மாறிவருவதால், சேரும் வருடத்தில் கவுன்சிலின் இணையதளத்தைப் பாருங்கள். தொலைதூரக் கல்வியில் யாராவது சீட் தருவதாகச் சொன்னால் வேண்டாம். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலை அந்த முறையில் நடத்த யுஜிசி தடை விதித்திருக்கிறது. மனிதவளம், பள்ளி ஆலோசனை, சந்தை ஆய்வு போன்ற பாதைகளும் உண்டு. பெரும்பாலும் அவற்றுக்கும் முதுகலை இருந்தால்தான் நல்ல இடம் கிடைக்கும். ஆக, குறைந்தது ஐந்து வருடச் செலவுக்குத் திட்டம் போடுங்கள்.

என்சிஇஆர்டி பதினொன்றாம் வகுப்பு உளவியல் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டாவது அத்தியாயம் ஆய்வு முறைகளைப் பற்றியது. இந்த வாரம் அதை அவள் படிக்கட்டும், கூடவே சேர நினைக்கும் கல்லூரியின் முதல் இரண்டு செமஸ்டர் பாடத்திட்டத்தையும். படித்தபின் அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அவளுக்கு அதில் எந்த இடம் பிடித்தது, எங்கே சலித்தது என்பதிலிருந்து பேச ஆரம்பிக்கலாம்.