105 எடுத்தவருக்கு மைக் எதற்கு?

கேள்வி: அமெரிக்காவின் செரில் மில்லர் மாதிரி கூடைப்பந்து ஆடிய பெண்கள் ஓய்வுக்குப் பிறகு டி.வி.யில் மைக்கைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்களே, ஆடியது போதும் என்று நிம்மதியாக வீட்டில் இருக்கக் கூடாதா?
– ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், கோத்தகிரி

பதில்: ஓய்வைப் பற்றிக் கேட்பது யார் பாருங்கள்! கோத்தகிரியில் ஓய்வுபெற்ற யாராவது வீட்டில் இருந்திருக்கிறார்களா? காலை ஆறரைக்கெல்லாம் மங்கி குல்லாவும் மப்ளருமாக டீக்கடை வாசலில் ஆஜர். முட்டைகோஸ் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தால் போதும். 'ஒடி... இன்னும் ஒடி... ஏய், போதும்ப்பா!' என்று நாலு பக்கமும் நின்று வர்ணனை. ஒருவர் வங்கி, ஒருவர் தபால் ஆபீஸ், மற்ற இருவர் கருவூலம். ஸ்டியரிங்கைத் தொட்டவர் ஒருவரும் இல்லை. இவர்களை மீறித்தான் டிரைவர் லாரியை நிறுத்தியாக வேண்டும்.

செரில் மில்லர் தெரிந்ததைப் பேசினார். 1982-ல் கலிபோர்னியாவில் பள்ளி மாணவியாக, ஒரே ஆட்டத்தில் தனியாளாக 105 புள்ளி எடுத்தவர். எதிரணி மொத்தமாகவே 15தான். அன்றைக்கு வேறொரு ஆட்டத்தில் 39 எடுத்த தம்பி ரெஜ்ஜி, வீட்டுக்கு வந்து ஒரே பீற்றல். அக்கா தன் கணக்கைச் சொன்னதும் பையன் கப்சிப். பிற்பாடு அமெரிக்க ஆண்கள் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் ரெஜ்ஜி மில்லர் பெரிய நட்சத்திரம் ஆனார் என்பதெல்லாம் சரி, அந்த வீட்டுக்குள் அவர் இரண்டாவது ஆள்தான். எனக்கும் ஒரு அக்கா உண்டு. ரெஜ்ஜியின் வலி எனக்குப் புரிகிறது.

1984 ஒலிம்பிக் தங்கத்துக்குப் பிறகு செரிலின் முழங்கால் கெட்டது. ஓய்வு அவர் கேட்டு வாங்கியதல்ல. பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ. 1997-ல் களமிறங்கியபோது அவர் பயிற்சியாளராகத்தான் வர முடிந்தது. நாடு முழுக்க ஒளிபரப்பான என்.பி.ஏ. ஆட்டமொன்றை அலசிப் பேசிய முதல் பெண்ணும் அவரே, 1996-ல். அப்படிப்பட்டவரைப் பல வருஷம் ஓரக்கோட்டில் நிற்கவைத்து, வியர்த்துக் கொட்டுகிற பையன்களிடம் மைக்கை நீட்ட வைத்தார்கள். மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசியதெல்லாம் ஆண்கள். உங்கள் கோபத்தை அங்கே காட்டியிருக்கலாம், சார்.

நம்மிடம் ஆள் இல்லையா? இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரை, 2021-ல் பத்மஸ்ரீ வாங்கியவர், சென்னைக்காரர். அவர் தமிழில் ஒரு மேட்ச் பேசிக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரே பந்துக்கு மூன்று பேர் சேர்ந்து கத்தும் கிரிக்கெட் சேனல்காரர்கள் காதில் இது விழட்டும். பந்து பவுண்டரிக்குப் போவது எங்களுக்கும் தெரிகிறது ஐயா!

உள்ளூர் மைக் அதைவிட மோசம். சமீபத்தில் இங்கே ஒரு பள்ளிப் போட்டி. ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஃப்ரீ த்ரோ போட ஒரு பெண் பந்தை இரண்டு தட்டு தட்டி நிமிர்கிறாள். ஸ்பீக்கரில், 'குடிதண்ணீர் உபயம்...' என்று ஆரம்பித்து உபயதாரர் பெயர், அவர் தகப்பனார் பெயர், கடையின் பெயர், கடை எந்த பஸ் ஸ்டாப் அருகே... பந்து வளையத்தில் பட்டு வெளியே போயிற்று.

அங்கே தின்னக் கொடுத்த வர்க்கி, அதாவது நம் மலையின் மொறுமொறு அடுக்கு பிஸ்கட், யார் உபயம் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, அந்தப் பாக்கெட்டில் இருந்தது வர்க்கியே அல்ல. கடித்தால் அடுக்கு உதிர வேண்டும், இது ரஸ்க் மாதிரி முறிகிறது. ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடே வாங்கியாயிற்று, இந்த அக்கிரமம் நிற்கவில்லை. இதைப் பற்றி எவ்வளவு நாள்தான் எழுதுவீர்கள் என்று குன்னூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்குப் பதில் அடுத்த இதழில், முழுப் பக்கம்.