சந்தும் ஒரு வழிதான்

கேள்வி: எங்கள் தெருவிலிருந்து ரயில் நிலையத்துக்குச் சந்து வழியாக நடந்தால் ஆறு நிமிடம். கைப்பேசி மேப்பில் அந்தச் சந்தே இல்லை. மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் வெயிலில் அலைகிறார்கள். நாமே அதைச் சேர்க்க முடியுமா?
- ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒரு வரைபடம் இருக்கிறது, 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. விக்கிப்பீடியா மாதிரி யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கித் திருத்தலாம், காசு கிடையாது. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் செயலிகள் வழி காட்டுவது இதை வைத்துத்தான். கூகுள் மேப் வேறு. இங்கே வரைந்தது அங்கே தெரியாது. அங்கிருந்து பார்த்து இங்கே வரையவும் கூடாது.

நான் தாம்பரம் பக்கம் ஐந்து வருடமாக இதைச் செய்துவருகிறேன். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது, படி ஏறாமல் மார்க்கெட்டுக்குப் போக எது வழி என்று தேடித்தான் ஆரம்பித்தேன்.

முதலில் அந்தச் சந்தில் இரண்டு முறை நடந்து பாருங்கள். செயற்கைக்கோள் படத்தில் வேப்பமர நிழல் பாதியை மறைத்துவிடும். சுவர்களுக்கு நடுவில் ஜிபிஎஸ்ஸும் நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். எத்தனையாவது காம்பவுண்டுக்கு அப்புறம் திரும்புகிறது, எங்கே வடிகால் சிலாப் மேல் ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கணினியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தைத் திறந்து 'ஃபுட்வே' (நடைவழி) என்று கோடு இழுங்கள். படி இருந்தால் அந்தத் துண்டை மட்டும் 'ஸ்டெப்ஸ்' என்று மாற்றி, எத்தனை படி என்றும் எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கோட்டின் நுனி தெருக் கோட்டிலுள்ள புள்ளியோடு சேர வேண்டும். நான் வரைந்த முதல் சந்து படத்தில் அழகாகத் தெரிந்தது, ஆனால் செயலி அந்த வழியைக் காட்டவே இல்லை. நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் இடையில் ஒரு சின்ன இடைவெளி கண்ணில் பட்டது. கண்ணுக்கு ஒட்டியிருந்தால் போதாது. புள்ளி ஒன்றாக இருந்தால்தான் அது செயலிக்கு வழி.

சந்து யாருக்காவது சொந்தமான தனி இடம் என்றால் 'பிரைவேட்' என்று போட்டுவிடுங்கள். இரவில் கேட் பூட்டுவார்கள் என்றால் அந்த நேரத்தையும் எழுதுங்கள். தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டும் தடத்தை மட்டும் வழியாகக் காட்டவே வேண்டாம். எல்லோரும் போகிறார்கள்தான், ஆனால் ரயில்வே சட்டம் 147-ம் பிரிவுப்படி அது குற்றம். உயிர் போகிற விஷயமும்கூட. நடைமேம்பாலத்தை வரையுங்கள்.

வெளிச்சம் உண்டா, தரை சிமென்டா மண்ணா என்பதையெல்லாம் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு செயலி நிற்கிற இடத்திலேயே கேள்வியாகக் கேட்கும். ராத்திரி ஏழரை மணி ரயிலில் இறங்கி வரும் பெண்ணுக்கு, தூரத்தைவிட அந்த விளக்குத் தகவல்தான் முக்கியம்.

கேள்வி: மெயின் ரோடு ஓரத்து நடைபாதையையும் தனியாக வரைய வேண்டுமா?
- ஒரு வாசகர், மேடவாக்கம்

பதில்: சாலையிலிருந்து உயர்த்திக் கட்டியிருந்தால் வரையுங்கள், அகலத்தையும் அளந்து போடுங்கள். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் வழிகாட்டுதல்படி தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டராவது வேண்டும். எங்கள் பக்கம் ஒரு நடைபாதை பார்க்க அகலமாகத்தான் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்கும் கடைப் படிக்கும் நடுவில் டேப் பிடித்தேன்: 60 சென்டிமீட்டர். அம்மாவின் வாக்கர் 65. அந்த இடத்தைத் தனித் துண்டாக வெட்டி, அகலம் 0.6 என்று போட்டு வைத்திருக்கிறேன்.