கடலடியில் நடக்கும் ‘ஸ்ஃபியர்’ நாவலை அறுபது பக்கம் படித்தும் பயமே வரவில்லை. இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. நீங்கள் அநேகமாக ராத்திரியில் வசதியாகப் படுத்துக்கொண்டு, பூதம் எப்போது வரும் என்று பக்கத்தைப் புரட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் படித்தது ஃபெரியில்.

1998 வாக்கில் மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். சௌராஸ்தா சந்தை மாடியில் ஒரு பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த பிரதி கிடைத்தது. மைக்கேல் கிரைட்டன் 1987இல் எழுதியது. பசிபிக் கடலில் ஆயிரம் அடி ஆழத்தில் கிடக்கும் விண்கலத்தை ஆராயச் சிலர் இறங்குகிறார்கள், மேலே புயல் வந்து கப்பல்கள் போய்விடுகின்றன. இதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன்.

என்னை உலுக்கியது ராட்சதக் கணவாய் மீன் இல்லை, ஹீலியம். அந்த ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல முப்பது மடங்கு. அங்கே சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் போதைபோல ஏறிவிடும், அதனால் ஹீலியம் கலந்த காற்று. அதில் குரல் கீச்சென்று மாறிவிடும், உடம்புச் சூடு சீக்கிரம் போய்விடும், எந்நேரமும் குளிர். சரி, பயமாக இருக்கிறது, மேலே போய்விடலாம் என்றால் அதுவும் முடியாது, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க நாள் கணக்கில் ஆகும். இதெல்லாம் கற்பனை இல்லை. பூதம் வருவதற்கு முன்பே மாட்டிக்கொண்டாகிவிட்டது. அந்த அறுபது பக்கமும் இதைத்தான் செய்கிறது.

என் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்குக்கு வந்தவர். கீழ்த்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்ததாகச் சொல்வார். “மூடிட்டா தண்ணி சத்தம் மட்டுந்தான் சாமி.” ஃபெரியில் ஓரமாக உட்காரவே மாட்டார். நடுவில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையையே பார்ப்பார். கடலைப் பாருங்கள் பாட்டி என்று சின்ன வயதில் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். நாவலில் வெளியே ஏதோ வந்து இடிக்க, உள்ளே எல்லோரும் பேச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருக்கும் இடம் வரும். அதைப் படிக்கும்போது எஞ்சின் அதிர்வு இருக்கை வழியாக முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன். பாட்டி இறந்து அப்போது இரண்டு வருடம்.

இது வெறும் வணிக நாவல், பாத்திரங்களுக்கு ஆழமில்லை என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் இலக்கியக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச எழுந்தபோது, “அதெல்லாம் பொழுதுபோக்கு, உட்காருங்க” என்றார் ஒரு பெரியவர். இன்றைக்கும் ஆறவில்லை. நம் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் ரப்பர் தோட்டத்தை எழுதினார்கள், எழுத வேண்டியதுதான், என் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்தான். ஆனால் கடல் தாண்டி வந்த நம் கதைகளில் நான் படித்தவரை கப்பல் ஒரு பத்தியில் கரை சேர்ந்துவிடுகிறது. அந்தக் கீழ்த்தளத்து இருட்டை யார் எழுதுவது? அந்த இருட்டை எனக்குக் காட்டியது இந்தப் புத்தகம்தான், அதனால் கேட்கிறேன்.

நீங்கள் விட்ட இடத்திலிருந்து படியுங்கள், புயல் வரும்வரையாவது. கையில் இருப்பது இரவல் புத்தகமாக இருந்து திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், பட்டர்வொர்த்தை அடுத்த பிறைப் பக்கம் வந்தால் என் பிரதியைத் தருகிறேன். கடைசிப் பக்கங்கள் தைப்பு விட்டிருக்கின்றன, பார்த்துப் புரட்டுங்கள். படித்ததும் மறக்காமல் திருப்பித் தந்துவிடுங்கள்.