பெனோப்ஸ்காட் ஆற்றில் மீன் ஏறிய கதை: கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் மீனுக்காக அணையையே உடைத்தார்களாமே, உண்மையா?

உண்மைதான். மெய்ன் மாநிலத்துப் பெனோப்ஸ்காட் ஆறு. 2012-ல் கிரேட் வொர்க்ஸ், 2013-ல் கடலுக்கு மிக அருகில் இருந்த வீசி என்ற இரண்டு அணைகளையும் எடுத்துவிட்டார்கள். ஹௌலண்ட் அணையைச் சுற்றி ஓடை மாதிரியே ஒரு கால்வாய் வெட்டினார்கள். மில்ஃபோர்டில் அணை இருக்கிறது, ஆனால் மீனுக்கு லிஃப்ட் உண்டு: மீன் தொட்டிக்குள் புகுந்ததும் தண்ணீரோடு தூக்கி மேல்பக்கம் விட்டுவிடும்.

கரண்டுக்கு என்ன செய்தார்கள்? கம்பெனி எப்படி ஒத்துக்கொண்டது?

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பெனோப்ஸ்காட் பழங்குடி மக்கள், சூழல் அமைப்புகள், மாநில, மத்திய அரசுகள், மின் கம்பெனி எல்லோரும் வருஷக்கணக்கில் பேசி 2004-ல் ஒப்பந்தம் போட்டார்கள். கிரேட் வொர்க்ஸ், வீசி, ஹௌலண்ட் மூன்று அணைகளையும் ஒரு அறக்கட்டளை விலைக்கு வாங்கியது, அதற்கு ஈடாக மற்ற அணைகளில் உற்பத்தியைக் கூட்டிக்கொள்ள கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது. யாரையும் தோற்கடிக்காமல் முடித்தார்கள், அதனால்தான் ஒப்பந்தம் நிலைத்தது.

மீன் ஏணி (அணையைக் கடக்க மீன் படிப்படியாக ஏறும் நீர்வழி) கட்டினால் போதாதா?

சால்மன் துள்ளி ஏறும். ஏல்வைஃப் அப்படித் துள்ளாது. ஒரு சாண், ஒன்றரைச் சாண் வெள்ளி மீன், வயிற்றில் விரலை வைத்தால் ரம்பம் மாதிரி உரசும். கடலில் வளர்ந்து, மே மாதம் ஏரிகளுக்கு முட்டையிட ஏறும். ஷாட் மீன் பல ஏணிகளில் வாசலிலேயே திரும்பிவிடும். ஸ்டர்ஜன் மீனுக்கு ஏணியே சரிப்படாது. 2015-ல், வீசி அணை இருந்த இடத்துக்கும் மேலே அந்த மீனைப் பார்த்தார்கள்.

பலன் தெரிந்ததா? கடலுக்கு என்ன லாபம்?

ஏல்வைஃப் வகை மீன்கள் மில்ஃபோர்டில் ஒரே வருஷத்தில் 20 லட்சத்தைத் தாண்டியிருக்கின்றன. குஞ்சுகள் இலையுதிர்காலத்தில் கடலுக்கு இறங்கும்போது காட் மீன், சீல், கடற்பறவை எல்லாவற்றுக்கும் தீனி. பெரிய மீனைச் சிங்கிறால் பிடிக்கும் பொறியில் இரையாக வைப்பார்கள். சால்மன்தான் இன்னும் தேறவில்லை, ஆயிரத்துச் சொச்சம் வந்தாலே நல்ல வருஷம், அதிலும் பெரும்பாலும் பண்ணையில் பொரித்துவிட்டவை.

நம் ஊரில்?

நம் உல்லமும் கடலிலிருந்து ஆற்றில் ஏறும் மீன்தானே. 1934-ல் மேட்டூர் அணை வந்தபின் காவிரியில் அது அடியோடு குறைந்துபோனது. மேட்டூரை உடைக்கச் சொல்லவில்லை, டெல்டாவே அதை நம்பி இருக்கிறது. கடலோரத் தடுப்பணைகளையும் சாலைக்கடியில் போடும் குழாய்களையும் பாருங்கள்: குழாயின் வாய் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே தொங்கினால் மீனுக்கு அதுவும் அணைதான். ஓடையின் தரையோடு தரையாகப் பதித்தால் மீன் ஏறிவிடும்.