றோட்டோரம் துருப்பிடிக்கும் வண்டிகள்: கேள்வி பதில்

உள்ளூராட்சி சபையொன்றில் 26 வருஷம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கைவிட்ட வாகன முறைப்பாடுகள் என் மேசையைத் தாண்டித்தான் போகும். கேளுங்கள்.

ஹட்டன்: வீட்டுக்கு முன்னால் ஒரு வேன் ஒன்றரை வருஷமாக நிற்கிறது. நாலு டயரிலும் காற்று இல்லை. யாரிடம் சொல்வது, ஐயா?

வேன் யாருடையது என்று தேடுவதை விட்டுவிட்டு, அது நிற்கிற நிலம் யாருடையது என்று முதலில் பாருங்கள். நம் பக்கத்து முறைப்பாடுகளில் பாதி, பிழையான கந்தோருக்குப் போய் அங்கேயே செத்துவிடும். டவுனுக்குள் சபை வீதி என்றால் ஹட்டன்-டிக்கோயா நகர சபை. அவிசாவளையிலிருந்து நுவரெலியா போகும் ஏ7 பாதையோரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. ஸ்டேசன் வளவு என்றால் ரயில்வே. தெரியாவிட்டால் கிராம உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

கடிதத்தைச் சபைச் செயலாளருக்கு எழுதி, பொலிஸ் பொறுப்பதிகாரிக்குப் பிரதி போடுங்கள். களவு போன வண்டியா, வழக்கில் மாட்டியதா என்று பொலிஸ் பார்க்காமல் சபை அதைத் தொடாது. இலக்கம், நிறம், எந்தக் கடைக்கு எதிரே, எப்போதிருந்து என்று எழுதுங்கள். இலக்கத் தகடு தெரிய ஒரு படம், றோட்டு தெரிய இன்னொன்று. தமிழிலேயே எழுதலாம், பதிலையும் தமிழில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. பதிவுத்தபாலில் போடுங்கள், அல்லது நேரில் கொடுத்து உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் அந்தக் கந்தோருக்கு வரவே இல்லை என்றுதான் கணக்கு.

ஒன்று மட்டும்: வண்டியில் கை வைக்காதீர்கள். ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். ஒன்றரை வருஷம் எட்டிப் பார்க்காத சொந்தக்காரர், டயர் களவு போனதும் மறுநாளே பொலிஸில் நிற்பார்.

தலவாக்கலை: நம்பர் பிளேட்டே இல்லையே?

வெளியில் நின்று முன் கண்ணாடியைப் பாருங்கள். பழைய வருமான அனுமதிப்பத்திரம் பல வண்டிகளில் ஒட்டியபடியே இருக்கும். வாகன இலக்கமும் அது காலாவதியான திகதியும் அதில் உண்டு. எவ்வளவு காலமாக ஓடவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதுவும் இல்லையென்றால் சேஸி நம்பர்தான். அதைப் பொலிஸ் பார்க்கட்டும். நீங்கள் பொனட்டைத் திறக்காதீர்கள்.

மாத்தளை: 119க்கு அடிக்கலாமா?

வளைவில் பாதையை மறித்து நின்றால் அடியுங்கள். மற்றபடி அது அவசரத்துக்கான இலக்கம்.

பண்டாரவளை: பக்கத்து வளவில் பழைய லொறி. தட்டில் தண்ணீர் தேங்கி நுளம்பு. தனியார் காணி என்று எல்லோரும் கைவிரிக்கிறார்கள்.

லொறியை மறந்துவிட்டு நுளம்பைப் பிடியுங்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் தனியார் வளவுக்கும் செல்லும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். அவர் கண்ணில் புழு பட்டால் வளவுக்காரர் பதில் சொல்லியே ஆக வேண்டும். சபைக் கடிதத்தைவிட இது வேகமாக நகர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெலிமடை: இரும்புக்கு விற்கலாமா?

கை வைக்காதீர்கள் என்று மேலே சொன்னேன்.

பொகவந்தலாவை: எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே தோட்டத்தின் பழைய கொழுந்து லொறி கிடக்கிறது. பிரதேச சபைக்கு எழுதவா?

எழுதுங்கள், ஆனால் முதல் கடிதம் தோட்ட அத்தியட்சகருக்கு.

மஸ்கெலியா: ஐயா, தோட்டத்துக்குள் பிரதேச சபை கால் வைக்கவே முடியாதே!

அது பழைய கதை, தம்பி. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது உண்மை. தோட்ட மக்கள் வாக்குப் போட்டுச் சபையை அமைப்பார்கள், சபை அவர்களுடைய லயத்துக்கு ஒரு கான்கூடக் கட்டித்தராது. 2018இல் அதைத் திருத்திவிட்டார்கள்.

மஸ்கெலியா: சட்டம் மாறியது சரி. தோட்டத் துரை, அதுதான் அத்தியட்சகர், கேட்டைத் திறப்பாரா?

நியாயமான கேள்வி. அதனால்தான் முதல் கடிதம் அவருக்கு. காணி அரசுடையது, கம்பனி குத்தகைக்கு வைத்திருக்கிறது, லொறி தோட்டத்துச் சொத்து. சபை நேராக வந்து தூக்கினால் அதுவே வழக்காகும்.

நோர்வூட்: அந்த லொறியில்தான் என் தாத்தா கொழுந்து ஏற்றினார். பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள். கிடக்கட்டுமே?

தங்கச்சி, மனசு புரிகிறது. ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த கேபினுக்குள் குளவி கூடு கட்டினால் என்ன ஆகும் என்று மலையில் கொழுந்தெடுக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துருத்தகடு காலைக் கிழிப்பதும் விளையாட்டல்ல.

பதுளை: 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மண் சரிந்து என் ஓட்டோ புதைந்துவிட்டது.

அது கைவிட்ட வாகனம் ஆகாது. பொலிஸில் பதிவு, படம், காப்புறுதிக்கு அறிவித்தல். இவை முடிந்த பிறகே அசைக்க வேண்டும். சரிவு இன்னும் ஆபத்தா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும்வரை மண்வெட்டியோடு போகாதீர்கள்.

கண்டி: வீட்டுக்கு முன்னால் ஒரு கார் ஆறு மாதமாக...

முதல் பதில். சபைச் செயலாளர் என்ற இடத்தில் மாநகர ஆணையாளர் என்று போடுங்கள்.

நாவலப்பிட்டி: லீசிங்கில் எடுத்த என் சொந்த வேன், ஓடாது. பழைய இரும்புக்கு...

வாகனப் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று லீசிங் கம்பனி பெயர் இருக்கும்வரை அதை விற்க உங்களால் முடியாது. இரும்பு என்ற சொல்லை இனி யாரும் கேட்க வேண்டாம்.

கம்பளை: கடிதம் கொடுத்து மூன்று மாதம். பதிலே இல்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், "இந்தத் திகதியிட்ட என் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று சபையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும். முத்திரை வாங்கச் சொன்னேனே, அது இதற்குத்தான்.

பொகவந்தலாவை: ஐயா, தோட்டக் கந்தோருக்குப் போய் வந்தேன். அப்படியொரு லொறி கணக்கிலேயே இல்லையாம்.

அருமை! அதையே எழுத்தில் வாங்குங்கள். எங்களுடையதல்ல என்று தோட்டம் கையெழுத்து வைத்துவிட்டால், பொலிஸுக்கும் சபைக்கும் போகிற கடிதத்தில் அதை முதல் இணைப்பாக வையுங்கள். வாய்ச்சொல்லோடு மட்டும் திரும்பி வராதீர்கள். நாளைக்கே அந்த லொறி மறுபடி கணக்கில் ஏறிவிடும்.